உம்மாமார் கேட்க வெட்கப்படும் சுகயீனங்கள்



எமக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு. முதல் வரியிலேயே “பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்” என்று இருக்கும். பிறகு அரைப் பக்கம் சுற்றி வளைத்துக் கடைசியில்தான் விஷயம் வரும். மகனுக்குச் சலம் போகும் இடத்தில் வீக்கம். மகளுக்கு ‘அந்த இடத்தில்’ சொறிச்சல். 9 வயதுப் பிள்ளை இன்னும் பாயை நனைக்கிறான், மாமி வீட்டில் ஓர் இரவு தங்க முடியவில்லை.

வெட்கம் நல்ல குணம்தான். ஆனால், மார்க்க விளக்கம் கேட்பதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையின் சுகத்தைப் பற்றிக் கேட்கவும் அதே துணிவு வேண்டும். இம்மாதம் நாம் பேசவிருக்கும் சுகயீனங்களில் பல சாதாரணமானவை, சில தாமாகவே மாறிவிடும். ஒன்றிரண்டு அப்படியல்ல. அதிலும் ஒன்றுக்குச் சில மணித்தியாலங்கள்தான் அவகாசம்.

காரணம் தெரியாத காய்ச்சல்

கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மூக்கு ஓடவில்லை, இருமல் இல்லை, தொண்டையும் சுத்தமாக இருக்கிறது. பிள்ளை பால் குடிக்க மறுக்கிறது, சத்தி எடுக்கிறது, காரணமில்லாமல் சிணுங்குகிறது. நம் நாட்டில் காய்ச்சல் என்றவுடன் டெங்குப் பயத்தில் இரத்தம் சோதிப்பது வழமை. அது தேவைதான். ஆனால் சலத்தையும் சோதிக்க வேண்டும் என்பது பலரின் நினைவுக்கு வருவதில்லை. பெரிய பிள்ளை என்றால் “சலம் போகும்போது எரியுது உம்மா” என்று சொல்லும். பேசத் தெரியாத பிள்ளைக்குக் காய்ச்சல்தான் பேச்சு.

சிறுநீர்த் தொற்று அபூர்வமான நோயல்ல. 16 வயதாவதற்குள் பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கும், ஆண் பிள்ளைகளில் 30 பேரில் ஒருவருக்கும் ஒரு முறையாவது வந்துவிடுகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் மட்டும் ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வரும். பெரும்பாலும் இதை உண்டாக்குவது குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. பெண் பிள்ளைகளில் சலப்பாதை நீளம் குறைந்தது, மலவாசலுக்கும் அருகில் உள்ளது. ஆகவே கிருமி சலப்பைக்கு ஏறுவது இலகுவாகிவிடுகிறது.

“உடம்புச் சூடு” என்று சொல்லி இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளை குடிக்கட்டும், கெடுதி இல்லை. ஆனால் மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்ட கிருமியைப் பார்லித் தண்ணீர் இறக்காது. தொற்று சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச்செல்லக்கூடும். தழும்புகள் அதிகமானால் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பலவீனமும் வரலாம். அதனால்தான் டாக்டர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம் என்கிறார்கள்.

சலம் எடுக்கும் முறையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நெப்பியைப் பிழிந்து எடுப்பதும் சட்டியிலிருந்து ஊற்றி எடுப்பதும் கூடாது. தோலிலும் சட்டியிலும் இருக்கும் கிருமிகள் கலந்து, நோயில்லாத பிள்ளைக்கும் நோய் இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிடும். பிள்ளையின் உறுப்பை வெறும் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு எப்படி என்பீர்கள். பால் கொடுத்துச் சற்று நேரத்தின் பின் மடியில் வைத்து, மூடி திறந்த போத்தலோடு காத்திருங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெதுவாக வட்டமாகத் தடவினால் பல குழந்தைகள் சில நிமிடங்களில் போய்விடும். பிடித்ததை உடனே கொடுக்க வேண்டும். தாமதமென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

இன்னொன்று. மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணியில் இரண்டு கரண்டி கொடுத்துவிட்டு டாக்டரிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் எடுக்கும் யூரின் கல்ச்சரில் கிருமி முளைக்காது. எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. முதலில் சலம், பிறகுதான் மருந்து. யூரின் ஃபுல் ரிப்போர்ட் அன்றே வந்துவிடும். கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் செல்லும். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் டாக்டர் அதுவரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவார். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையென்றால் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி மூலம் மருந்து கொடுப்பதே வழக்கம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் போத்தலை மூடி வைத்துவிடாதீர்கள். சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்கள்.

தொற்று வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சலப்பையிலிருந்து சலம் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் குறை இருப்பதுண்டு. இதைத் தேடித்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்குச் சுகமாகிவிட்டதே, ஸ்கேன் எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். அநேகம் பிள்ளைகளுக்கு இந்தக் குறை வளர வளர மாறிவிடுகிறது.

திரும்பத் திரும்பத் தொற்று வரும் பிள்ளையைக் கொண்டுபோனால், டாக்டர் மலம் போவதைப் பற்றித்தான் முதலில் கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்க வேண்டாம். குடலில் மலம் இறுகிக் கிடந்தால் அது சலப்பையை நெருக்கும். சலம் முழுவதும் வெளியேறாது. தேங்கியதில் கிருமி பெருகும். இதோடு பாடசாலை மலசலகூடத்தின் அசுத்தத்துக்குப் பயந்து காலையிலிருந்து பகல் வரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று போத்தலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்ஸைக் கேட்கும் முன் மலசலகூடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கத்னாவுக்கு நாள் குறிக்கு முன்

ஒரு உம்மா தன் முதல் மகனைப் பற்றி எழுதியிருந்தார். பிறந்தபோதே முன்தோல் பாதிதான் இருந்ததாம். வீட்டுக்கு வந்த மூத்தவர்கள் “இது சுன்னத்தோடு பிறந்த பிள்ளை, பாக்கியசாலி” என்று துஆச் செய்தார்களாம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிள்ளை நிற்கப் பழகியபோதுதான் சலம் முன்னால் போகாமல் கீழே தன் காலிலேயே விழுவதை அவர் கண்டார்.

சகோதரிகளே, இதற்கு ஹைப்பொஸ்பேடியாஸ் என்று பெயர். சலத்துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் திறந்திருக்கும். முன்தோல் மேலே மட்டும் தொப்பி போல இருக்கும், கீழே இருக்காது. சிலருக்கு உறுப்பு கீழே வளைந்தும் இருக்கும். ஏறத்தாழ 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. அப்பிள்ளை பாக்கியசாலியாகவே இருக்கட்டும், அல்லாஹ் அப்படியே ஆக்குவானாக. ஆனால் அவனுக்குத் தேவை ஒரு சத்திரசிகிச்சை. பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் செய்வார்கள். துவாரத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர டாக்டர் பயன்படுத்துவது அந்த முன்தோலைத்தான். கத்னா என்று அதை முன்கூட்டியே வெட்டி எறிந்துவிட்டால், அவருக்குத் தேவையான தோல் இல்லாமல் போய்விடும், சிகிச்சை கடினமாகும். ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கத்னா செய்யவே கூடாது. சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்து முடிவு சொல்லும் வரை எவரையும் கை வைக்க விடாதீர்கள். சிகிச்சையோடு கத்னாவும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

7ஆம் நாள் தவறிவிடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் 7ஆம் நாள் செய்வது விரும்பத்தக்கது. பிள்ளை பலவீனமாகவோ சுகயீனமாகவோ இருந்தால் பிற்படுத்தலாம் என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். வேண்டுமானால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் திருப்தியடையுங்கள்.

நாள் குறிக்கு முன் இன்னொரு கேள்வியும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது கத்னாவின்போதோ பல் பிடுங்கும்போதோ இரத்தம் நிற்காமல் போனதா? முக்கியமாக, உம்மாவின் சகோதரர்கள், உம்மாவின் மாமாமார், பெரியம்மா சின்னம்மாவின் ஆண் மக்கள். இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா என்ற குறை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. வாப்பாவின் குடும்பத்தில் எல்லோரும் சுகமென்பது இதற்குச் சான்றாகாது. கி.பி. 1013இல் வபாத்தான குர்துபா நகரத்து அறிஞர் அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி, தமது மருத்துவ நூலில் கத்னா செய்யும் முறையை விளக்கியதோடு, சிறு காயத்தாலும் ஆண்கள் இரத்தம் பெருகி இறந்துபோகும் ஒரு கிராமத்தைப் பற்றியும் எழுதிவைத்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் வைத்தியர் கவனித்ததை இன்று நாம் கேட்காமல் விடுவது சரியல்ல.

கத்னாவுக்குப் பின் காயத்தில் மஞ்சளாக ஒரு மெல்லிய படை படியும். அது சீழ் அல்ல, ஆறுவதன் அடையாளம், தேய்த்து எடுக்காதீர்கள். துணியில் ஓரிரு துளி இரத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இரத்தம் தொடர்ந்து சொட்டினால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எட்டு மணித்தியாலம் சலம் போகாவிட்டாலும் அப்படியே. மற்றபடி கத்னாவின் நன்மையையும் சொல்ல வேண்டும். கத்னா செய்த குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று மிகக் குறைவாகவே வருகிறது.

கத்னா இன்னும் ஆகாத பிள்ளையின் முன்தோலைப் பலவந்தமாகப் பின்னால் இழுத்துக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிறந்த பிள்ளைக்கு அது உள்ளே ஒட்டியிருப்பதே இயற்கை. இழுத்தால் கிழியும், தழும்பாகும். இழுத்த தோல் திரும்பி வராமல் இறுகி வீங்கினால் அது அவசரம், உடனே காட்ட வேண்டும். தோலுக்கடியில் வெள்ளை மணி போல் தெரிவது உதிர்ந்த தோலின் சேர்க்கை, கட்டியல்ல.

விதைப்பையைத் தொட்டுப் பாருங்கள்

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, வெதுவெதுப்பான தண்ணீரில், இரண்டு விதைகளும் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100க்கு 3 அல்லது 4 பேருக்கு ஒரு விதை இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்காவிட்டால் இனிக் காத்திருந்து பயனில்லை. ஒரு வயதளவில், பிந்தினால் ஒன்றரை வயதுக்குள், சத்திரசிகிச்சை செய்து இறக்கி வைப்பார்கள். பிந்தினால் பிற்காலத்தில் பிள்ளைப் பேறு பாதிக்கலாம். அவ்விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். “வளரும்போது சரியாகிவிடும்” என்ற ஆறுதலைக் கேட்டுப் பத்து வயது வரை வைத்திருக்கிறவர்கள் உண்டு. அந்த ஆறுதல் ஆறு மாதம் வரைதான்.

அழும்போது கவட்டியில் எழும்பி, அமைதியானதும் மறையும் வீக்கம் குடலிறக்கம். இது தானாக மாறாது. நாணயம் வைத்துக் கட்டுவதாலும் மாறாது. டாக்டர் சொல்லும் நாளில் சத்திரசிகிச்சை செய்துவிட வேண்டும். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி, பிள்ளை சத்தி எடுத்து வீறிட்டு அழுதால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். நாள் பார்க்கும் விஷயமல்ல அது. விதைப்பையில் நோவில்லாமல் தண்ணீர் கோத்திருப்பது வேறு. அது அநேகமாக ஒன்றிரண்டு வயதுக்குள் வற்றிவிடும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம், காட்டிக்கொள்ளுங்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சில மணித்தியால விஷயம்.

விதை தன் நரம்பிலே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோவது எந்த வயதிலும் நடக்கலாம். 12 வயதிலிருந்து 18 வயது வரையில்தான் அதிகம். திடீரென்று ஒரு பக்கம் கடும் நோவு, அடிவயிற்றிலும் நோவு, சத்தி. உறக்கத்திலிருந்தே நோவோடு எழும்புவதும் உண்டு. 13 வயதுப் பையன் உம்மாவிடம் என்ன சொல்வான்? “வயிறு நோகுது” என்பான். உம்மா இஞ்சித் தண்ணீர் கொடுப்பார், பனடோல் கொடுப்பார். விடிந்து பார்ப்போம் என்பார். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு விதையைக் காப்பாற்றலாம். 24 மணித்தியாலம் கடந்தால் பத்தில் ஒருவருக்கும் கடினம். பையனின் ஒரு இரவு வெட்கத்துக்கு இதுதான் விலை.

ஆகவே ஆண் பிள்ளைக்கு 10 வயதாகும்போது வாப்பா தனியே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்: “கீழே நோவு வந்தால், இரவு எத்தனை மணியானாலும், என்னை எழுப்பு.” வாப்பா வெளிநாட்டிலென்றால் மாமா சொல்லட்டும், அவரும் இல்லையென்றால் உம்மாவே சொல்ல வேண்டும். நோவு வந்தால் எண்ணெய் தடவவோ உருவிவிடவோ கூடாது. சாப்பிடக் கொடுக்காமல், சத்திரசிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸுக்குப் பேசுங்கள்.

பெண் பிள்ளைகள்

பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைக்கு வெள்ளையோ சில துளி இரத்தமோ படுவதைக் கண்டு பயந்து எழுதுகிறார்கள். தாயின் உடலிலிருந்து வந்த ஹோமோன் குறைவதால் ஏற்படுவது, சில நாளில் நின்றுவிடும். சின்னஞ்சிறு பெண் குழந்தையின் உறுப்பின் இதழ்கள் ஒட்டியிருப்பதும் கவலைக்குரியதல்ல. சலம் போவதில் கஷ்டம் இல்லையென்றால் மருந்தே தேவையில்லை, வளரும்போது பிரிந்துவிடும். கையால் பிரித்துவிடாதீர்கள்.

சிறுமிகளின் சொறிச்சலுக்கும் எரிவுக்கும் பெரும்பாலும் நாமே காரணம். அந்த வயதில் தோல் மிக மெல்லியது. வாசனைச் சவர்க்காரம், டெட்டோல் கலந்த தண்ணீர், பவுடர், இறுக்கமான நைலோன் உள்ளாடை இவையெல்லாம் அதைப் புண்ணாக்கும். வெறும் தண்ணீர் போதும், பருத்தி உள்ளாடை போதும். இஸ்திஞ்சா செய்யப் பழக்கும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். இரவில் மட்டும் சொறிச்சல் அதிகமென்றால் பூச்சியாக இருக்கும். பூச்சி மருந்தைப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோரும் எடுத்து, இரண்டு வாரத்தில் திரும்பவும் எடுக்க வேண்டும். நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

துர்நாற்றத்தோடு வெள்ளை, அல்லது இரத்தம் பட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். பிள்ளை மணியோ கடதாசித் துண்டோ உள்ளே போட்டிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். எழுதக் கை கூசினாலும் எழுதுகிறேன். ஆணோ பெண்ணோ, பிள்ளையின் உறுப்பில் காயமோ நோவோ இருந்து, ஒருவரைக் கண்டால் பயந்து ஒதுங்குகிறதென்றால் அடிக்காமல், அதட்டாமல், தனியே மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். குடும்ப மானம் என்று மூடி வைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், 1929 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி.

பாயை நனைக்கும் பிள்ளை

5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். வருடா வருடம் அதில் ஒரு பகுதியினர் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். சோம்பலால் செய்வதல்ல இது. உம்மாவோ வாப்பாவோ சிறுவயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அடிக்க ஓங்கும் கை, முதலில் தன் உம்மாவிடம் போய்த் தன் கதையைக் கேட்கட்டும். நனைத்த பாயைத் தெருவில் தெரிய உலர்த்தி வெட்கப்படுத்துவதால் ஒரு பிள்ளையும் சுகமானதில்லை.

பகலில் தாராளமாகத் தண்ணீர், மாலையில் குறைவாக. தேநீரும் கோலாவும் வேண்டாம். படுக்க முன் சலம் போகட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் பாருங்கள். 7 வயதுக்கு மேலும் தொடர்ந்தால் டாக்டரிடம் பேசலாம். நனைந்தவுடன் ஒலியெழுப்பும் கருவி உண்டு, குளிசையும் உண்டு. ஹிப்ழு மத்ரஸாவில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளையென்றால் போவதற்குச் சில மாதம் முன்பே காட்டுங்கள், உஸ்தாதிடமும் தனியே சொல்லி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென்று மீண்டும் நனைக்கத் தொடங்கினால் கதை வேறு. அதோடு தாகம் அதிகம், மெலிவு என்றால் அன்றே சீனி சோதிக்க வேண்டும்.

தேநீர் நிறத்தில் சலம், காலையில் கண் இமை வீக்கம், நுரைத்துப் போகும் சலம் ஆகியவை சிறுநீரகத்தின் சங்கதிகள். அவற்றை இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் பார்ப்போம். அதுவரை அப்படி எதையும் கண்டால் சஞ்சிகைக்குக் காத்திராமல் டாக்டரிடம் போய்விடுங்கள். கேள்வி எழுதுகிறவர்கள் பிள்ளையின் வயதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் தேவையில்லை.